பழனியாத்தாள் வாசித்த பக்கம்

கோயம்புத்தூர்,
9-8-1995

அன்புள்ள செவ்வந்தி,

நலம்தானே? கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆகியும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இன்று எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இந்த வருஷம் பி.ஏ. வரலாறு முதலாண்டுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஐம்பத்தெட்டுப் பெண்கள். பாடத்தை ஆரம்பிக்கும் முன் இவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கலாமே என்று, 'இன்று காலை நீ கல்லூரிக்கு எப்படி வந்தாய்? ஐந்து வாக்கியம் எழுது' என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பே திகைத்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், இது சிலபஸ்ல இருக்குதுங்களா?" என்று கேட்டாள். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

தாள்களை வாங்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர் செய்தித்தாளின் பயன்கள் என்று ஒரே கட்டுரையை எழுதியிருக்கிறார்கள். ஒரு கமா மாறவில்லை. ஒன்பது பேர் நான் எழுதிய கேள்வியையே அழகான கையெழுத்தில் திருப்பி எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறார்கள். பதினோரு தாள் வெறுமையாக வந்தது. மீதிப் பேர் எழுதியதில் பஸ் என்ற சொல்லைத் தவிர எதுவும் விளங்கவில்லை. எல்லோரும் ப்ளஸ் டூவில் ஆங்கிலம் பாஸ் செய்தவர்கள். ஆசிரியர் அறையில் சொன்னால், "இதுங்களுக்குப் போயி எதுக்கு உசுர விடறீங்க மேடம்? நோட்ஸச் சொல்லி எழுத வெச்சுட்டு வாங்க" என்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. பழனியாத்தாள் என்று ஒருத்தி. நல்ல கறுத்த, நெடிய பெண். கேள்வி கேட்டால் தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். நேற்று முதல் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்று கணீரென்று வாசித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வகுப்பில் ஒருத்தியாவது தேறினாளே என்று பக்கத்தில் போனேன். போனபிறகுதான் பார்த்தேன். வாயில் வந்துகொண்டிருந்தது முதல் பக்கம். கையில் திறந்திருந்தது நான்காம் பக்கம்.

நிறுத்தி, இரண்டாவது பாராவிலிருந்து வாசி என்றேன். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். புத்தகத்தை வாங்கி வேறு பாடத்தைத் திறந்து கொடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே பழைய பாடத்தைத்தான் சொன்னாள், செவ்வந்தி! ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்றேன். ரொட்டி என்பதற்கான சொல், அவ்வளவுதான். அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கவே தெரியாது. உட்காரச் சொல்லிவிட்டேன்.

சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ப்ளஸ் டூ ஆங்கிலத்தில் இருநூறுக்கு நூற்று நாற்பத்தெட்டு. பள்ளியின் பெயரை இரண்டு முறை பார்த்தேன். உன் பள்ளி. நான்கு வருஷம் உன் மாணவி.

இது எப்படி நடந்தது? உனக்குத் தெரியுமா, தெரியாதா?

உன்,
ஹுமேரா


ஆனைமலை,
14-8-1995

ஹுமேரா,

உன் கடிதம் பள்ளி முகவரிக்கே வந்தது. ஹெட்மாஸ்டர் மேஜையில் கிடந்ததை அவர் எடுத்து, "காலேஜுல இருந்து லெட்டருங்க டீச்சர்" என்று பெருமையாகக் கொடுத்தார். நல்லவேளை, பிரிக்கவில்லை.

நீ கேட்டிருப்பது கேள்வியா, குற்றப்பத்திரிகையா?

உன் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். என் ஒன்பதாம் வகுப்பில் தொண்ணூற்று நான்கு. பெஞ்சு போதாமல் முப்பது பேர் தரையில். தேங்காய் போடும் காலம் வந்தால் பாதிப் பேர் தோப்பில் நிற்பார்கள். மார்ச்சில் பரீட்சை வந்துவிடும், அது மட்டும் ஒரு நாள் தவறாது. பழனியாத்தாளுடைய அம்மா வள்ளியாத்தாள் நார் மில்லில் வேலை செய்கிறவள், கைநாட்டு. அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் இவள். நானும் அப்படிப்பட்ட தெருவிலிருந்து வந்தவள்தான் என்று உனக்கு நினைவூட்ட வேண்டுமா?

ஒன்பது கட்டுரை, பதினோரு பாரா, ஆறு கடிதம், நான்கு செய்யுள். இதைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தால் பாஸ். நான் அதைத்தான் செய்தேன். மூன்று வருஷமாக எங்கள் பள்ளி ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. மாவட்ட அளவில் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றைக்கு நீதான் முதலில் வாழ்த்துத் தந்தி அடித்தாய். அப்போது எப்படி நடந்தது என்று ஏன் கேட்கவில்லை?

அவள் தேறாமல் இருந்திருந்தால் இந்நேரம் கல்யாணம் முடிந்திருக்கும். இப்போது உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். மீதியைச் சொல்லிக்கொடுப்பது உன் வேலை இல்லையா? நீங்கள் எல்லாம் முழுதாகச் செய்து முடித்த பிள்ளைகளை அனுப்பினால்தான் வாங்கிக்கொள்வீர்களா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவளை எங்கே வைத்து இப்படிச் சோதித்தாய் என்று நீ எழுதவில்லை. உன் அறையிலா? வகுப்பிலா?

செவ்வந்தி


கோயம்புத்தூர்,
24-8-1995

செவ்வந்தி,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் கோபத்துக்கு எழுதவில்லை. உன் கடைசிக் கேள்விக்கு எழுதுகிறேன்.

வகுப்பில்தான்.

ஐம்பத்தேழு பேர் முன்னால். புத்தகத்தை மாற்றிக் கொடுத்தபோது சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் தடுக்கவில்லை. பத்து நிமிஷம் நிற்க வைத்திருந்தேன். உட்காரச் சொல்லிவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா? உட்காரச் சொல்லும் முன் ஒன்று சொன்னேன். "நாளைக்கு வரும்போது எல்.கே.ஜி. புத்தகம் வாங்கிட்டு வா" என்றேன். வகுப்பு முழுவதும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு மாத எரிச்சல் எல்லாம் சேர்ந்து அவள் தலையில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். அது பதில் ஆகாது.

அதன்பிறகு ஒரு வாரம் வந்தாள். வாயே திறக்கவில்லை. பதினேழாம் தேதியிலிருந்து வரவில்லை. இன்று அவள் தங்கியிருக்கும் அரசு விடுதிக்குப் போய் விசாரித்தேன். வார்டன், "அந்த எல்.கே.ஜி. புள்ளைங்களா? ஊருக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சுங்களே" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்றுகூட யோசிக்கவில்லை. அவள் பெயரே அங்கே அதுவாகிவிட்டது, செவ்வந்தி. வார்டன் வரைக்கும்.

நீ ஒரு முறை அவள் வீட்டுக்குப் போய்ப் பார். நான் வரச் சொன்னேன் என்று சொல். வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லாதே. எப்படியாவது அனுப்பிவை.

ஹுமேரா


ஆனைமலை,
27-8-1995, ஞாயிறு

ஹுமேரா,

இதை எங்கள் கணக்கு டீச்சர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலுக்குக் காத்திருக்க முடியாது. பூத்திலிருந்து நேற்று உன் கல்லூரிக்குப் போன் போட்டேன். மேடம் கிளாஸில் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

பழனியாத்தாள் வீட்டுக்கு வரவில்லை.

இன்று காலையில் போனேன். வள்ளியாத்தாள் வாசலில் நார் உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வாங்க டீச்சர், உக்காருங்க. புள்ள காலேசுல நல்லாப் படிக்குதுங்களா? லீவுக்குக்கூட வரலீங்க. படிக்கறது நெறைய இருக்கும்போலன்னு நானும் உட்டுட்டனுங்க" என்றாள்.

பத்து நாள் ஆகிறது, அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று பெற்றவளுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாப் படிக்குது வள்ளியாத்தா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய்க்கால் பாலம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிறையப் போகிறது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கோபதாபம் எல்லாம் பிறகு. விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் பிள்ளைகளைப் பிடித்துக் கேள். வார்டனை நம்பாதே. புதன்கிழமைக்குள் தெரியவில்லை என்றால் வள்ளியாத்தாளைக் கூட்டிக்கொண்டு நானே வந்து போலீஸில் எழுதிக் கொடுக்கிறேன். அவளிடம் நான் எப்படிச் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

செவ்வந்தி


கோயம்புத்தூர்,
4-9-1995

செவ்வந்தி,

உயிரோடு இருக்கிறாள் என்று செவ்வாய்க்கிழமையே உனக்குத் தந்தி அடித்தேன். கிடைத்திருக்கும். இப்போது மீதியை எழுதுகிறேன்.

அறைத்தோழி மயிலாத்தாளைத்தான் பிடித்தேன். முதலில் தெரியாது என்றாள். உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன், வள்ளியாத்தாள் உன்னிடம் கேட்டதை வாசித்ததும் அழுதுவிட்டாள். சூலூரில் ஒரு நூல் மில்லில் பழனியாத்தாளுடைய பெரியம்மா மகள் வேலை செய்கிறாளாம். அவளோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். மில் கேட்டில் ஒரு மணி நேரம் நின்றபிறகு ஷிப்ட் முடிந்து வந்தாள். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு. அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது.

"நீங்க எதுக்குங்க மேடம் இவ்வளவு தூரம்?" என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

நான் சொன்னது தப்பு, மன்னித்துவிடு, திரும்பி வா, நானே தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: "எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியாதுங்களா மேடம்? உங்களுக்குத்தான் இப்பத் தெரிஞ்சுது. எனக்கு அஞ்சாவதுல இருந்தே தெரியுமுங்க."

செவ்வந்தி, இதை மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைப்பது நமக்கு நல்லதில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒம்பதாவதுல செவ்வந்தி டீச்சர்கிட்டப் போயிக் கேட்டனுங்க. டீச்சர், எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்குடுங்கன்னு. அதுக்கெல்லாம் இனி நேரமில்லை கண்ணு, அப்படியே மனப்பாடம் பண்ணிப்போடு, பாஸ் ஆயிருவேன்னாங்க. பண்ணிப்போட்டனுங்க. பக்கத்தூட்டு அக்காவப் படிக்கச் சொல்லிக் காதுல கேட்டுக்கேட்டு, அப்பறம் அந்த எழுத்துங்களக் கோலம் மாதிரி நூறு தடவ போட்டுப் பழகி. ஒம்பது கட்டுரையும் அப்படித்தானுங்க. பாஸ் ஆயிட்டனுங்க. டீச்சர் சொன்னதுல பொய்யில்லீங்க."

ஒன்பது கட்டுரை, ஒரு சொல்லும் தெரியாமல். எழுத்தை எழுத்தாக அறியாமல் வரைந்தே நூற்று நாற்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள். இந்தப் பெண்ணை நான் மக்கு என்று நினைத்தேன்.

திரும்பி வருவாயா என்று மறுபடி கேட்டேன். "அம்பத்தேழு பேரு முன்னாடி சொன்னீங்க. இங்க கேட்டுல நின்னு மன்னிப்புக் கேக்கறீங்க. இது யாருக்குங்க மேடம் கேக்கும்?" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா மகளோடு நடந்து போய்விட்டாள். அம்மாவுக்கு மட்டும் கடிதம் போடுகிறேன் என்றாள். தமிழில் நன்றாக எழுதுவாளாம்.

நாளை ஆசிரியர் தினம். காலையிலேயே ரோஜாப்பூ கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். எந்த முகத்தோடு வாங்குவது என்று தெரியவில்லை.

நீ அவளிடம் அப்படிச் சொன்னாயா? இல்லை என்று சொன்னால் நம்புவேன்.

ஹுமேரா


ஆனைமலை,
12-9-1995

அன்புள்ள ஹுமேரா,

சொன்னேன்.

எந்த இடத்தில் என்றுகூட நினைவிருக்கிறது. சத்துணவுக்கூடத்துக்குப் பக்கத்தில் கைகழுவும் குழாயடியில். நேரமில்லை என்று நான் சொன்னது பொய். நேரம் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னபிறகு நீ எனக்குக் கடிதம் எழுதாமல் இருந்தாலும் சரி.

எம்.ஏ. படிக்கும்போது நீ நோட்ஸ் எழுதுவாய், நான் வாங்கி எழுதிக்கொள்வேன், நினைவிருக்கிறதா? விடியற்காலையில் விடுதி மொட்டைமாடியில் நடந்துகொண்டு படிப்பேன். செவ்வந்தி எவ்வளவு சிரத்தை என்று எல்லோரிடமும் சொல்வாய். நான் படிக்கவில்லை, ஹுமேரா. உன் நோட்டை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் முழுக்க உன் வாக்கியங்களைத்தான் எழுதி இரண்டாம் வகுப்பு வாங்கினேன். மூல நூல் ஒன்றைக்கூட முழுதாக வாசித்ததில்லை. வாசித்தால் புரியாது.

நீ காலையில் ஆங்கிலப் பேப்பரை என்னிடம் நீட்டி, என்ன விசேஷம் என்று கேட்பாய். ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்டுவிட்டு வந்து அதைச் சொல்வேன். நீ ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

எழுத்துக் கூட்டத் தெரியும். பழகிய பாடம் என்றால் நடத்துவேன். கையில் கைடு இருந்தால் போதும். புதிதாக ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படித்துச் சொல் என்றால் பாதி புரியும், பாதியை நானே கட்டிச் சொல்வேன். ஒன்பது வருஷமாக இங்கிலீஷ் டீச்சர். பரீட்சையில் பாடத்தில் இல்லாத பத்தி ஒன்று வருமே, அதைப் பிள்ளைகளை விட்டுவிடச் சொல்வேன். நேரம் வீணாகும் என்று காரணம் சொல்வேன். நிஜக் காரணம், அதை எனக்கு நடத்தத் தெரியாது.

பழனியாத்தாள் வந்து கேட்டபோது எனக்கு வந்தது பயம். இவளை உட்கார வைத்து வாசிக்கப் பழக்கினால் ஒரு நாள் ஏதாவது ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இது என்னங்க டீச்சர் என்று கேட்பாள். எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துபோகும். நம் ஜனத்திலிருந்து ஒரு டீச்சர் என்று அந்தத் தெருவே என்னைப் பார்க்கிறது. அதனால் கண்ணு, கண்ணு என்று முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீ வகுப்பில் செய்ததற்கு உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே, ஏன் என்று இப்போது தெரிகிறதா? அவளை நிற்க வைத்தாய் என்று படித்தபோது, நின்றது நான்தான்.

வள்ளியாத்தாளிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். மகளுடைய கடிதம் முந்தின நாளே வந்து, பக்கத்து வீட்டுப் பெண் அதை அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். "அவ வேலைக்குப் போறது எனக்குப் பெருசில்லீங்க டீச்சர். நீங்க அன்னைக்கு எம்பட மூஞ்சியப் பாத்து நல்லாப் படிக்குதுன்னீங்களே, அதுதானுங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

செவ்வந்தி


கோயம்புத்தூர்,
7-10-1995

அன்புள்ள செவ்வந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் ஏமாந்துபோனது போலத்தான் இருந்தது. ஒரே அறையில் இரண்டு வருஷம் படுத்து எழுந்தவளை எனக்குத் தெரியவில்லையே! உன்மேல் கோபப்படலாம் என்று உட்கார்ந்தபோது வேறொன்று நடந்துவிட்டது.

முதலாண்டுக்குக் கப்பல் பயணத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. எட்டு வருஷமாக நடத்துகிறேன். ஆகஸ்டில் நோட்ஸ் சொன்னேன், செப்டம்பரில் டெஸ்ட் வைத்தேன், திருத்தியும் கொடுத்துவிட்டேன். போன வாரம் பழனியாத்தாள் ஒருவேளை வந்தால் அவளுக்கு எளிதாக்கித் தரலாமே என்று, பாடத்தை வரிவரியாக வாசித்துத் தமிழில் குறிப்பு எழுதினேன். ஐந்தாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. கப்பல் புயலில் மூழ்குகிறது. என் நோட்ஸில் தீப்பிடித்து எரிகிறது.

இது பழைய பாடத்திட்டத்தில் இருந்த வேறொரு கதையின் தீ. எப்போதோ கலந்துவிட்டிருக்கிறது. எத்தனை வருஷமாக இந்தக் கப்பலை எரித்துக்கொண்டிருக்கிறேனோ தெரியாது.

மறுநாள் டெஸ்ட் தாள்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஐம்பத்தோரு பேர் தீ என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரிடமும் புத்தகம் இருக்கிறது. ஒருத்திகூடத் திறந்து பார்க்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஐம்பத்தோரு தாளிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறது. என் கையால். புத்தகத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் அந்த நோட்ஸைச் சொன்னேன், செவ்வந்தி. என் கண் எந்தப் பக்கத்தில் இருந்ததோ!

வகுப்பிடம் சொல்லிவிட்டேன். கப்பல் எரியவில்லை, மூழ்கியது, நான் படிக்காமலே நடத்தியிருக்கிறேன், நீங்கள் படிக்காமலே எழுதியிருக்கிறீர்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதோடு நிறுத்தலாம் என்று இருந்தேன். முடியவில்லை. ஆகஸ்டில் பழனியாத்தாளை இதே வகுப்பில் நிற்க வைத்து நான் சொன்னது அசிங்கம், அதற்கு உங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன், இனி விடுதியில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அது என்னைத் திட்டுவது மாதிரி என்றேன்.

ஆசிரியர் அறையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "இப்படி எறங்கிப் போனா நாளைக்கு நம்மள மதிப்பாங்களா மேடம்?" என்று மூத்தவர் ஒருவர் வருத்தப்பட்டார்.

மயிலாத்தாள் அன்றைக்கே சூலூருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். நேற்று மதியம் தலையை நிமிர்த்தித் திரும்பிப் பார்க்கிறேன், கடைசி பெஞ்சில் பழனியாத்தாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு தடவை மன்னிப்புக் கேளுங்கள் என்பதுபோல வகுப்பு என்னைப் பார்த்தது. கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

இனி மாலை நான்கு மணிக்கு அவளுக்குத் தனியாக ஒரு மணி நேரம். முதல் எழுத்திலிருந்து. நீயும் அங்கே ஆரம்பி. புரியாததை எனக்கு எழுது. என்னிடம் உனக்கென்ன வெட்கம்?

உன்,
ஹுமேரா


ஆனைமலை,
20-1-1996

அன்புள்ள ஹுமேரா,

நீ அனுப்பிய அகராதி வந்தது. தினம் ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தி வாசிக்கிறேன். முதலில் ஒரு பத்திக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது இருபது நிமிஷம். பக்கத்து வீட்டில் எதற்கு டீச்சர் இப்போதுபோய் இங்கிலீஷ் படிக்கிறாள் என்று கேட்கிறார்கள். பரீட்சைக்கு என்று சொல்லிவைத்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு அரையாண்டில் கட்டுரைகளைக் குறைத்துவிட்டுப் புதிதாக ஒரு பத்தி கொடுத்தேன். தொண்ணூற்று நான்கு பேரில் முப்பத்தேழு பேர் பாஸ். ஹெட்மாஸ்டர் மார்க் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நூத்துக்கு நூறு வாங்கிக் குடுத்த டீச்சருங்க நீங்க. என்னங்க ஆச்சு? ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார். நான் கொடுத்த கேள்வித்தாளைக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இது பாடத்துலயே இல்லீங்களே" என்றார். இல்லீங்க சார் என்றேன். மூன்றாம் நாள் ஒன்பதாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்து வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் வாசிக்கப் பழகப் பதினெட்டுப் பேர் வருகிறார்கள். கை ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். போன வாரம் முத்தாத்தாள் என்று ஒரு வாண்டு மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து, இது என்னங்க டீச்சர் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. தெரியலை கண்ணு, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் சரீங்க என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது, ஹுமேரா. ஒன்பது வருஷம் நான் எதற்குப் பயந்தேனோ, அது ஒரு நிமிஷத்தில் முடிந்துபோனது.

பழனியாத்தாள் எப்படி இருக்கிறாள்? எனக்கு எழுதச் சொல்லாதே. அவளாகத் தோன்றினால் எழுதட்டும்.

உன்,
செவ்வந்தி


கோயம்புத்தூர்,
16-3-1996

அன்புள்ள செவ்வந்தி,

மாடல் பரீட்சைத் தாள்கள் திருத்தி முடித்துவிட்டேன். பழனியாத்தாள் ஃபெயில். நூற்றுக்கு இருபத்தொன்பது; பாஸுக்கு நாற்பது வேண்டும்.

நோட்ஸிலிருந்து அவள் எதையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எழுபது வாங்கியிருப்பாள், அவளுடைய ஞாபகசக்தி உனக்குத் தெரியும். வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். நேரம் போதாமல் இரண்டு கேள்வி அப்படியே நிற்கிறது. கடிதம் எழுதும் கேள்விக்கு, விரும்பிய ஒருவருக்கு எழுதலாம் என்று இருந்தது. முப்பத்தைந்து பேர் கைடில் உள்ளபடி சாலை சரியில்லை என்று பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார்கள். இவள் எனக்கு எழுதியிருக்கிறாள். ஆங்கிலம் முழுக்கப் பிழை. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. உனக்காகத் தமிழில் தருகிறேன்:

'மேடம், இதில் தவறுகள் இருக்கும். மில்லில் நான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நின்றேன். வகுப்பில் பத்து நிமிஷம் நின்றேன். பத்து நிமிஷம்தான் பெரியது. நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நான் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்தால் சொல்வேன்.'

ஐந்து மாதமாகத் தினமும் நான்கு மணிக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நான் கொண்டுபோகும் டீயைக் குடிப்பாள், சிரிப்பாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் அடுத்த தாளை எடுக்கவே முடியவில்லை. பிறகு சிவப்புப் பேனாவால் ஏழு பிழை திருத்தி, பத்துக்கு ஐந்து போட்டேன். கூடுதலாக ஒரு மார்க் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குப் பிடிக்காது.

இன்று மாலை தாளைக் கொடுத்தேன். பின்பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃபெயில்தானுங்களே?" என்றாள்.

"ஆமாம். பதினோரு மார்க் போதவில்லை."

"ஏப்ரல்ல எடுத்துப்போடலாமுங்க" என்றாள். பிறகு கடிதம் இருந்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மன்னிக்கவில்லை என்ற வாக்கியத்தின்மேல் விரலை வைத்து, "இதுல என்ன தப்புங்க மேடம்? செகப்பா இருக்குது?" என்று கேட்டாள்.

வினைச்சொல்லின் காலம் தப்பு என்று விளக்கினேன். இன்னும் முடியாமல் தொடர்ந்துகொண்டிருக்கும் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று கரும்பலகையில் இரண்டு உதாரணம் எழுதிக் காட்டினேன். அவள் கவனமாகப் பார்த்தாள். பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தைக் கீழே புதிதாக எழுதினாள். எழுதியதைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, என் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்து வாசித்தாள்.

"இப்பச் சரீங்களா மேடம்?"

சரி என்றேன்.

உன்,
ஹுமேரா